யாருக்குப் பத்திரிகை வைப்பது

என் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். சின்ன ரகரமும் பெரிய றகரமும் எனக்கு இன்றைக்கும் இடம் மாறித்தான் உட்காரும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் யாராவது பார்த்துத் திருத்திக்கொள்ளவும்.

டீச்சர் விட்டுப்போன வேலையைத் தொடர்ந்து செய்கிற பெண்கள் அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். என்னையும் சொல்லச் சொன்னார்கள். மூன்று முறை வீட்டுக்கு வந்து போனை முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்று முறையும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. நோட்டு வாங்கிக் கொடுத்தால் எழுதித் தருகிறேன் என்றேன். வாங்கிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது.

பேரைப் போடக் கூடாது என்பது டீச்சர் வைத்த ஒரே நிபந்தனை. போடவில்லை.

அவர் டீச்சர் இல்லை. மதுரையில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் ஊரே டீச்சர் என்றது. ஒவ்வொருவரிடமும் "இல்லைங்க, நான் கிளார்க்கு" என்று திருத்தித் திருத்தி ஓய்ந்துபோய் விட்டுவிட்டாராம்.

எனக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி இருக்கிறது. அப்போது அவனியாபுரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மறுநாள் காலை குப்பை அள்ளுவதுதான் என் வேலை. ஒரு நாள் மண்டபத்துப் பின்வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால், நூல் சேலை கட்டிய அம்மா ஒருவர் குப்பை மூட்டையை அவிழ்த்துக் கிளறிக்கொண்டு நிற்கிறார். மோதிரம் கீதிரம் தொலைத்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

"அண்ணே, இதையெல்லாம் எங்க கொண்டு போறீங்க?"

நான் கையை நீட்டித் திசையைக் காட்டினேன்.

"அப்பிடின்னா?"

மறுபடியும் கையைத்தான் காட்டினேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். "சரி, போய்ப் பாப்போம்."

குப்பை மேட்டில், போன வாரத்துக் கல்யாணம் ஒன்றின் பேனர் மேலாகக் கிடந்தது. ஆள் உயரத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாடு மாப்பிள்ளையின் கன்னத்தை நக்கிக்கொண்டிருந்தது. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன் அண்ணே. அந்தா கெடக்கே தண்ணி பாட்டிலு, அதுல ஒண்ணு நான் குடிச்சது" என்றார்.

திரும்பும்போது மேடு மறைகிறவரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ரிங் ரோட்டில் ஏறியதும் கேட்டார். "அந்த பாட்டிலைச் செஞ்சவங்களுக்கு யாராவது பத்திரிகை வச்சிருப்பாங்களா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"வச்சிருந்தா அப்பிடி எறிஞ்சிருப்பமா?"

அவருடைய எல்லாமும் அந்த ஒரு கேள்விதான். பிறகு அவர் குப்பை சேராத கல்யாணங்களை எடுத்து நடத்த ஆரம்பித்தார், பல வருடம் அதற்கு நான் வண்டி ஓட்டினேன். அதில் அந்தக் கேள்வியைக் கேட்காத நாள் கிடையாது. ஒரு கல்யாணத்தை எடுத்துச் செய்கிறார் என்றால், அதற்கு வருகிற ஒவ்வொரு பொருளையும் செய்த ஆளைத் தேடிப் போய்ப் பத்திரிகை வைப்பார். பத்திரிகை வைக்க ஆள் கிடைக்காத பொருளை வாங்க மாட்டார். பத்திரிகை வாங்கிக்கொண்டவர் கல்யாணத்துக்கு வர முடியாது என்றாலும் வாங்க மாட்டார்.

அவர் பையில் ஒரு குடை, நூல் கட்டிய கண்ணாடி, சின்ன மஞ்சள் டப்பா, இந்த மூன்றும் எப்போதும் இருக்கும். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். இந்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்றால் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் அவரே தடவுவார். ஒரு முறை அவசரத்தில், அவருடைய தம்பி மகள் கல்யாணப் பத்திரிகைக்கும் தடவிவிட்டார். சிலுவைக்குப் பக்கத்தில் நாலு பொட்டு மஞ்சள். பங்குச் சாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, "மங்களகரமாத்தான் இருக்கு" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சோழவந்தான் பக்கம் வாழையிலை அறுக்கிறவர்கள், தண்ணீர்க் குவளைக்கு மண் மிதிக்கிறவர்கள், பாத்திரம் கழுவ வருகிற பெண்கள், எல்லாருக்கும் பத்திரிகை போகும். பேர் கேட்டு, பேர் எழுதித்தான் கொடுப்பார். ஒரு மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிற பெண்கள் பத்திரிகையை வாங்கிக்கொண்டு முழித்தார்கள். "வரணும்னுதான் ஆசை டீச்சர். அரை நாள் லீவு கேட்டா மறுநா வராதன்னுருவாரு" என்றாள் ஒருத்தி. டீச்சர் நேரே தோட்டக்காரரிடம் போனார்.

"உங்க பூ வேண்டாங்க."

"ஏம்மா, பூவுல என்ன குறை?"

"பூவுல ஒரு குறையும் இல்லை. பறிச்சவங்க கல்யாணத்துக்கு வர முடியாதாம். பூ மட்டும் வந்து என்ன செய்ய?"

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிற பார்வை. நான் வண்டி டயரைப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் அவர் லீவும் கொடுத்தார், கல்யாணத்துக்கு அவரும் வந்தார், அந்தப் பெண்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவர் எல்லாரையும் ஜெயித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். பெண்ணைப் பெற்ற ஒருவர், "பிளாஸ்டிக் கப்பு செய்றவுகளும் மனுசங்கதானே டீச்சர், அவுகளுக்கு மட்டும் பத்திரிகை கிடையாதா?" என்று மடக்கிவிட்டார். டீச்சர் கொஞ்சம் யோசித்து, "நியாயம்தான்" என்றார். மறுநாள் கப்பலூருக்கு வண்டியை விடச் சொன்னார். அங்கே கப்பு செய்கிற கம்பெனிக்குள் எங்களை விடவில்லை. ஷிப்டு முடிகிறவரைக்கும் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்று, வெளியே வந்த பெண்கள் பதினோரு பேருக்கும் பேர் கேட்டு எழுதிப் பத்திரிகை கொடுத்தார். அவர்கள் எல்லாரும் ஒரே நிறச் சேலையில் வந்து சேர்ந்தார்கள். வாக்குப்படி பந்தியில் கப்பு வைத்தாயிற்று. டீச்சர் முகம் அன்றைக்குச் சுருங்கித்தான் இருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி கப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், செம்புல தண்ணி இல்லையா? நாள் பூரா இந்த வாடையிலதான் கெடக்கோம். இங்க வந்துமா?"

டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் மேளக்காரர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது சுங்குடிச் சேலை நாள். முடிச்சுப் போடுகிற ஒரு அம்மாவைத் தேடிப் போய்ப் பத்திரிகை வைத்திருந்தார். அவர் கல்யாணத்துக்கு வந்தார். சாப்பிடவில்லை, மேடைக்குப் பின்னால் போய்ப் பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னம்மா என்று பெண் திரும்பிக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி. வாழ்நாள் பூரா முடிஞ்சிருக்கேன், கட்டி ஒருத்தரையும் பாத்ததில்ல." பிறகு முந்தானையில் ஓரிடத்தைத் தொட்டார். "இந்த வரிசை போட்ட அன்னிக்கு எனக்குக் காய்ச்சலு. அதான் கோணிக்கெடக்கு."

அந்தப் பெண் முந்தானையை மாற்றி மடித்து, கோணல் வரிசை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் போட்டுக்கொண்டாள். போட்டோ எல்லாவற்றிலும் அந்த வரிசை இருக்கிறது.

இனி என் வீட்டுக் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். நோட்டை எட்டு மாதம் திறக்காமல் வைத்திருந்ததற்குக் காரணமும் அதுதான். தப்பு டீச்சருடையது என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி என்னுடையது.

என் மகளுக்கு எழுமலையில் மாப்பிள்ளை அமைந்தது. விவசாயக் குடும்பம். தன்மையான பையன். டீச்சர்தான் எல்லாம் எடுத்துச் செய்தார். பத்திரிகையை விதைத் தாளில் அடிக்கலாம் என்றார். உசிலம்பட்டிப் பக்கம் சில பெண்கள் சேர்ந்து கையால் தாள் செய்கிறார்கள். பத்திரிகையின் நாலு ஓரத்திலும் பூவேலை மாதிரி விதைகளைப் பதித்திருந்தார்கள், கீரை விதையும் செண்டுப்பூ விதையும். அழகாக இருந்தது. கீழே கடைசி வரி: கல்யாணம் முடிந்ததும் இந்தப் பத்திரிகையை மண்ணுக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றவும்.

அச்சடிக்கும் முன்னால் என்னிடம் காட்டினார். "அண்ணே, சரியா இருக்கா?"

நான் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறவன். அதனால் ஒரு வரியையும் தாண்ட மாட்டேன். கடைசி வரிக்கு வந்ததும் நெஞ்சில் ஒன்று தட்டியது. பெண்ணு மாப்பிள்ளை பேர் எழுதின தாளை, மஞ்சள் தடவின தாளை, மண்ணுக்குள் வைப்பதா? எங்கள் பக்கத்தில் எதை மண்ணுக்குள் வைப்பார்கள் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. இவ்வளவு படித்தவர் செய்திருக்கிறார், நான் என்ன சொல்ல என்று தலையை ஆட்டிவிட்டேன்.

எழுமலைக்குப் பத்திரிகை போன மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தகப்பனார் போன் செய்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சம்பந்தி, எங்க அக்கா கல்யாணத்தை நிறுத்தச் சொல்லுது. பிள்ளைக பேரை மண்ணுக்குள்ள வைக்கச் சொல்லி எந்த ஊருல பத்திரிகை அடிப்பாகன்னு கேக்குது. எங்கிட்ட பதில் இல்ல."

அந்த அக்கா சொன்னால் அந்த வீட்டில் மாற்றுப் பேச்சு கிடையாது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் எடுத்து வைத்திருந்த சேலையை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பு என்னுதுதான். எம்புட்டுப் பெரிய தப்பு." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க படிச்சப்ப உங்களுக்குத் தோணுச்சா?"

"தோணுச்சு."

"ஏண்ணே சொல்லலை?"

"நீங்க படிச்சவுக."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "வாழையிலை அறுக்கிறவங்க பேரெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு, பதிலுக்கு அரை நிமிசம் நிக்கலை" என்றார். குடையை எடுத்தார். "வண்டியை எடுங்க. போன்ல பேசுற விசயம் இல்லை இது."

எழுமலையில் அந்த அக்கா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் தூணோடு தூணாக நின்றார். மாப்பிள்ளை உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். டீச்சர் போனவுடன் சொன்னார். "தப்பு எங்கிட்டம்மா. இவங்க வீட்டுல யாரையும் சொல்லாதீங்க."

"நீங்க வேதக்காரவுக, உங்களுக்குத் தெரியாது. விடுங்க." அக்கா என் பக்கம் திரும்பினார். "பொண்ணைப் பெத்த இவருக்குமா தெரியாது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டயரைப் பார்க்கலாம் என்றால் வண்டி தெருமுனையில் நின்றது.

"தெரியும்க்கா" என்றேன். "படிச்ச அன்னிக்கே தெரியும். வாய் வரலை."

"இப்ப மட்டும் எப்பிடி வருது?"

"இப்பவும் வரலை. எம் பிள்ளை பெட்டியை மூடி வச்சிருச்சு. அதான் வந்தேன்."

நான் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து பேசிக்கொண்டே போனேன். இந்தத் தாள் கட்டு ஒன்று முன்பு மழையில் நனைந்தபோது வண்டியில் நான் பார்த்திருந்தேன். ஓரம் மட்டும் ஊறித் தானாகக் கழன்று வந்துவிடும், நடுவில் உள்ள தாள் அப்படியே இருக்கும். அதைச் சொன்னேன். "பேரு மேலயே இருக்கட்டும்க்கா. சாமி படத்துக்கிட்ட வச்சுக்கங்க. ஓரத்தை மட்டும் நனைச்சு எடுத்து, கல்யாணத்துக்கு முளைப்பாலிகை போடுவோம்ல, அந்தச் சட்டியில நீங்களே உங்க கையால போடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே போடுங்க. முளைக்கலைன்னா, இந்தச் சம்பந்தத்தை நானே விட்டுர்றேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"அதான் எப்பவும் பேச மாட்டீகளே" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். அக்காவுக்கு உதட்டோரத்தில் லேசாக ஒன்று வந்தது, உடனே போய்விட்டது.

"முளைச்சா வாரோம்" என்றார்.

வண்டியில் ஏறியதும் டீச்சர் ரொம்ப நேரம் குடைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். உசிலம்பட்டி தாண்டியதும்தான் சொன்னார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அந்த விதை முளைக்குமான்னு நான் ஒரு தாளைக்கூடப் போட்டுப் பாத்ததில்லை."

நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

"செஞ்சவங்களைப் பாத்தேன். பத்திரிகை வச்சேன். நல்ல மனுசங்க. மனுசங்களைப் பாத்துட்டு விதையைப் பாக்காம விட்டுட்டேன்."

நான் அன்றைக்குத்தான் முதல் முதலாக டீச்சர் முன்னால் சத்தமாகச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவரும் சேர்ந்துகொண்டார். புளியமரத்தடியில் இளநீர் விற்றவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது. டீச்சர் வீட்டில் மூன்று சட்டி போட்டார். என் வீட்டில் ஒரு சட்டி. என் மனைவி பயத்தில் ஊற்றிய தண்ணீரில் எங்கள் விதை அழுகிப்போனது. டீச்சர் சட்டியில் மூன்று நாளாக ஒன்றுமில்லை. காலை, மதியம், சாயங்காலம் போன் செய்வார். "அண்ணே, மண்ணு லேசா வெடிச்ச மாதிரி இருக்கு." பிறகு, "இல்லைண்ணே, எறும்பு." நான் வண்டி ஓட்டிக்கொண்டே போகிற வழியில் இருக்கிற கோயில், சர்ச், பள்ளிவாசல் எதையும் விடவில்லை.

ஐந்தாம் நாள் காலை எழுமலையில் இருந்து போன் வந்தது. அந்த அக்காவே பேசினார்.

"தம்பி, எம்புட்டு விதையத்தான் ஒட்டி விட்டீக? சட்டி கொள்ளலை. ரெண்டு வாளியில மாத்தி வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி வேற அவ பத்திரிகை ஓரத்தையும் கொண்டாந்து நனைச்சுக்கிட்டு நிக்கிறா."

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேக்குதா, இல்லையா? சரி, நீங்க பேச மாட்டீக. ஒண்ணு கேக்கணும். இந்தத் தாளைச் செஞ்ச பொம்பளைகளுக்குப் பத்திரிகை வச்சாச்சா?"

டீச்சரிடம் போய் இதை அப்படியே சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொன்னதை மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னார். பிறகு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவர் கேள்வியை அவருக்குத் தெரியாமல் வேறொருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது முன்னால் மேளம், அதற்குப் பின்னால் அந்த அக்கா. தலையில் பச்சைப் பசேலென்று ஒரு சட்டி. பின்னால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு சட்டி. தாள் செய்த பெண்களை அக்காவே கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். பூப்பறிக்கிறவர்கள் வந்தார்கள். கப்பலூர்ப் பெண்கள்கூட, பத்திரிகை வைக்காமலே, செம்பு இருக்குமென்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் காலை மண்டபத்துக் குப்பை என் வண்டியில் பாதிகூட வரவில்லை. எல்லாம் வாழையிலை. அதையும் ஒரு மாட்டுக்காரர் வந்து எடுத்துக்கொண்டார்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்து மஞ்சள் டப்பாவைத் திறந்தார். ஒரு பத்திரிகையை எடுத்து நாலு மூலையிலும் தடவி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மேலே என் பேர் எழுதியிருந்தது.

"இது என் மக கல்யாணம் டீச்சர்" என்றேன்.

"தெரியும். மூணு வருசமா எல்லாப் பொருளையும் கொண்டாந்து சேர்த்த கைக்கு இதுவரைக்கும் யாரு பத்திரிகை வச்சா? குடும்பத்தோட வந்திரணும்ண்ணே."

போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு மேடைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு எந்தப் பத்திரிகையும் என்னிடம் வராமல் அச்சுக்குப் போனதில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கிறவரைக்கும் டீச்சர் எதிரில் உட்கார்ந்து காத்திருப்பார். சில நாள் அரை மணி நேரம் ஆகும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு இந்த அளவுக்காவது எழுத்து வந்தது.

இப்போது அவர் நாகர்கோவிலில் தங்கையோடு இருக்கிறார். அங்கேயும் ஒரு வண்டிக்காரரைப் பிடித்துவிட்டதாகக் கேள்வி. அவர் ரொம்பப் பேசுகிறவராம். "காது வலிக்குதுண்ணே" என்றார் போனில்.

அவர் எனக்கு வைத்த பத்திரிகை வண்டிப் பெட்டியிலேயே இத்தனை வருடமும் இருந்தது. மஞ்சள் மங்கிவிட்டது. ஓரத்தை நான் நனைக்கவே இல்லை, மனசு வரவில்லை. இன்று காலை என் பேத்தி அதைப் பார்த்து, "தாத்தா, இதுல விதை இருக்கே, ஏன் சும்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். இரண்டு பேருமாக ஓரத்தை நனைத்துச் சட்டியில் வைத்தோம். என் பேர் எழுதின நடுத்தாளை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அச்சுக்குக் கொடுத்த பிறகு மறக்காமல் திருப்பித் தரவும்.

எனக்குப் படித்துப் பழக்கமானது பத்திரிகைதான். அதனால் தேதியையும் அந்த மாதிரியே போடுகிறேன்.

நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 12ஆம் தேதி, வியாழக்கிழமை, வளர்பிறை பஞ்சமி. அவனியாபுரம்.